உப்புப் பார்க்க ஒரு ஆள்

அத்தை போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "அந்தம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்? உப்பு ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது." நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்கள். டீயைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். செத்துப்போன மாமியாரோடு போட்டி போட்ட மருமகள் என்று பெயர் வாங்குவானேன்.

கோபம் டீக்காக இல்லை. ஒரு மனுஷி ஆயுசு முழுக்க ஒரு குடும்பத்துக்கு உழைத்துக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார், அவரைப் பற்றிச் சொல்ல உப்பைத் தவிர வேறு ஒன்றும் அகப்படவில்லையா என்றுதான் எரிச்சல். அந்த உப்பைப் பற்றியும் அவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அப்போது எங்களுக்கே தெரியாது.

வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கிளம்பாமல் இருந்தது என் நாத்தனார் ஒருத்திதான். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அத்தைக்கு அவள் கடைசிவரைக்கும் 'பாப்பா'. நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் 'ஊசி'. வேலையும் அது, வாயும் அது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவள் கைப்பையோடு வருவாள். இவள் சக்கரம் வைத்த பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவள் புருஷன் கூட்டத்தோடு கூட்டமாக வந்து வாசலில் நின்றார், என் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்தார், பெண்டாட்டி இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் போய்விட்டார்.

"வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லா இருக்கு அண்ணி. லீவு நிறைய கிடக்கு, அதான்."

பொய். ஆனால் அதற்கு மேல் கேட்கிற உறவு எங்களுக்குள் இல்லை. நான் யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். மிஷின் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்தி எனக்கு எதைக் கேட்டாலும் சண்டை போடுகிற மாதிரிதான் வரும். அவளும் விட்டுக் கொடுக்கிறவள் இல்லை. அவளுக்கு என்ன குறை என்றாலும் சொல்வதற்கு இருந்தது ஒரே ஆள். அந்த ஆளைத்தான் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம், ஹாலில் யார் எங்கே உட்காருவார்கள் என்றுகூடத் தெரியாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அம்மாடி, இங்க கொஞ்சம் வா. உப்பு சரியா இருக்கான்னு பாரு."

எங்கள் சமையலறை அகலம் இல்லாதது, நீளமாகப் போவது. அடுப்பு கடைசியில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய்கள்தான் தெரியும். மேலே புகையை இழுக்கிற பழைய விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது போடுகிற சத்தத்தில் உள்ளே பேசுவது ஹாலுக்குக் கேட்காது, ஹாலில் டிவி ஓடுவது உள்ளே கேட்காது. அத்தை மரக்கைப்பிடி போட்ட ஒரு சின்னக் கரண்டியால் பாத்திரத்திலிருந்து மொண்டு, ஊதி, "கையை நீட்டு" என்றார். உள்ளங்கையில் ஊற்றிவிட்டு உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமியார் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். நாமும் சளைத்தவள் இல்லை என்று காட்ட வேண்டாமா. "கொஞ்சம் கம்மியா இருக்கு அத்தை" என்றேன்.

"ம்ம்" என்றார். கிண்டிக்கொண்டே, திரும்பாமல், "கண்ணு வீங்கியிருக்கே. ராத்திரி அழுதியா?" என்று கேட்டார்.

என் அம்மாவை விட்டு வந்ததற்கு நான் தலையணையை நனைத்தது பக்கத்தில் படுத்திருந்த மனுஷனுக்கே தெரியாது. முகத்துக்கு நேராக யாராவது கேட்டிருந்தால் சீறியிருப்பேன். முதுகிடம் என்னவோ பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரைக்கும் அவர் கிண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஞாயித்துக்கிழமை போய் அம்மாவைப் பாத்துட்டு வா. நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாப்பிடும்போது உப்பு கச்சிதமாக இருந்தது. நான் சொன்ன பிறகு போட்டிருக்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அவர் உப்பு ஜாடியைத் தொடவே இல்லை என்பது எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

தினமும் ஒருத்தருக்கு அழைப்பு வரும். மாமனார் இருந்தவரை அவருக்கும். நாத்தனார் அப்போது படித்துக்கொண்டிருந்தாள், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடுவாள். அதிகமாகப் போனது என் வீட்டுக்காரர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். சரியான கல்லுளிமங்கன். நான் பத்து வார்த்தை பேசினால் அரை வார்த்தை திரும்பி வரும், அதுவும் 'ம்' என்று. அப்படிப்பட்டவர் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும், "தம்பி, உப்பு பாருப்பா" என்று குரல் வந்தால் போதும், உள்ளே போனவர் திரும்ப வர நேரமாகும். நாங்கள் அவருக்கு 'உப்பு இன்ஸ்பெக்டர்' என்று பட்டம் கட்டினோம். "ஏங்க, ஒரு சொட்டு நக்கறதுக்கு இவ்வளவு நேரமா? பாத்திரத்தையே காலி பண்ணிட்டீங்களா?" என்று கேட்பேன். சிரிப்பார். அத்தையும் சிரிப்பார்.

எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். "ஏன் அத்தை, இத்தனை வருஷமா சமைக்கிறீங்க, இன்னுமா உங்களுக்கு உப்பு கை வரலை?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன்.

"எனக்கு நாக்கு சரியில்லைம்மா" என்பார்.

எனக்கு ஒரு முறை கரு நின்று கலைந்துபோனது. கம்பெனியிலேயே தெரிந்துவிட்டது. டாக்டரிடம் தனியாகப் போனேன், தனியாக வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமோ என்று ஒரு நப்பாசை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அம்மாடி, உப்பு பாரு" என்று கூப்பிட்டார். போய்க் கையை நீட்டினேன். ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"போயிடுச்சு அத்தை" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அடுப்பைச் சின்னதாக்கினார். "எப்போ?"

"மத்தியானம்."

"மத்தியானத்துல இருந்து நின்னுக்கிட்டேவா இருக்கே?" என்றார். மூலையில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்து என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அழுது முடிக்கிறவரைக்கும் அந்த விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொல்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஊரில் எத்தனையோ பேர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். எங்கள் வீட்டில் நான் எதை உடைத்தாலும் அது மண்சட்டிதான்.

அன்றைக்குச் சாற்றில் உப்பு எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளங்கையில் இருந்தது அப்படியே காய்ந்துபோனது.

இவ்வளவு நடந்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை பாருங்கள். ஏதோ தற்செயலாக அந்த நேரத்தில் கூப்பிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் துணி காயப்போட மாடிக்குப் போன அத்தைக்குத் தலை சுற்றியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைக்கத்தான் சொன்னார். என் நாத்தனார் இருக்கிறாளே, அவள் எதையும் பாதியில் நிறுத்துகிறவள் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே வந்து சட்டம் போட்டாள்.

"இனிமே இந்த வீட்ல பாத்திரத்துல உப்பே போடக் கூடாது. சாப்பாட்டு மேஜையில ஒரு டப்பா இருக்கும். வேணும்ங்கிறவங்க அவங்கவங்க தட்டுல போட்டுக்கோங்க. அம்மா போட்டுக்கவே கூடாது."

"எல்லாருக்கும் எதுக்கும்மா, எனக்கு மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கிறேனே" என்றார் அத்தை.

"அதெல்லாம் கதைக்கு ஆகாதும்மா. ருசி பாக்கிறேன்னு நாலு தடவை நாக்குல வைப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அத்தைக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்ல மேஜையிலே" என்று என் வீட்டுக்காரர் ஒரு ஜோக் அடித்தார். அவர் அபூர்வமாக ஜோக் அடிப்பவர் என்பதால் எல்லோரும் சிரித்தோம். நாத்தனாரே ஒரு நல்ல கண்ணாடி டப்பா வாங்கி வந்து மேஜை நடுவில் வைத்தாள். அவள் அம்மா மேல் வைத்திருந்த பாசத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிகிற காரியம் எல்லாமே பிள்ளையார் பிடிக்கத்தானே தொடங்குகிறது.

மறுநாள் நான் ஹாலிலிருந்து பார்த்தேன். அத்தை அடுப்பு முன்னால் அந்தச் சின்னக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கைகால் கழுவிவிட்டு வந்து, சமையலறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். அத்தை கூப்பிடவில்லை. அவர் டிவி பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நாள் அத்தை வேறு வழி தேடிப் பார்த்தார். இப்போது யோசித்தால் தெரிகிறது. "அம்மாடி, வெந்திருக்கா பாரு" என்றார் ஒரு நாள். நான் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டியிருந்தேன். "குக்கர்ல வெச்சது வேகாம எங்க போகும் அத்தை?" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். இன்னொரு நாள் காரம் பார்க்க மகளைக் கூப்பிட்டார். "காரத்தையும்தான் குறைச்சாச்சே, அதுல பாக்க என்ன இருக்கு?" என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் அவர் யாரையும் கூப்பிடவில்லை. சமைப்பார், எடுத்து வைப்பார், போய்ப் படுத்துக்கொள்வார். மாத்திரையின் அசதி என்றோம். வயசாகிறது என்றோம். வீட்டில் சத்தம் குறைந்ததுகூட அவருக்கு நல்லது என்று பேசிக்கொண்டோம். ஐயோ, எவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வர ஆரம்பித்தாள். முன்பெல்லாம் புருஷனோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, அவர் கடிகாரத்தைப் பார்த்ததும் கிளம்புகிறவள். இப்போது காலையிலேயே வந்துவிடுவாள், போக மனசில்லாமல் உட்கார்ந்திருப்பாள். "எங்கேம்மா அவரு?" என்று அத்தை கேட்டால், "வேலை" என்பாள். நானும் கவனித்தேன். கவனித்து என்ன, 'புருஷனுக்குச் சமைக்கச் சோம்பல், இங்கே வந்து மூக்குப் பிடிக்கத் தின்கிறாள்' என்று மனசுக்குள் ஒரு குத்து குத்திவிட்டு விட்டேன். அவள் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது என் கண்ணில் படவில்லை. அத்தையின் கண்ணில் பட்டிருக்கிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஹாலில் இருந்தோம். உள்ளேயிருந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, அந்தக் குரல் வந்தது. "பாப்பா, இங்க கொஞ்சம் வாயேன். உப்பு சரியா இருக்கான்னு பாரு."

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

நாத்தனார் எழுந்து சமையலறை வாசல்வரை போனாள். உள்ளே போகவில்லை. "என்னம்மா பேசறே? அதுல உப்பே போடலியே. இல்லாத உப்பை எப்படிப் பாக்கிறது? மறந்துட்டியா?"

அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தார். வாசலில் நான் வேறு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் என் வீட்டுக்காரர். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "ஆமாம்ல. மறந்துட்டேன்" என்றார்.

அவ்வளவுதான், நாத்தனார் முகம் வெளுத்துப்போனது. எங்கள் இருவரையும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுவென்று பேசினாள். இதுதான் ஆரம்பமாம். முதலில் சின்னச் சின்ன விஷயம் மறக்குமாம், அப்புறம் ஆட்களே மறந்துபோகுமாம். அவள் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறாளாம். எங்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வாரமே ஞாபகசக்தியைச் சோதிக்கிற டாக்டரிடம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்றார். கடிகாரம் வரையச் சொன்னார். சம்பந்தமில்லாத ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லி, பேச்சை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டுத் திடீரென்று திருப்பிக் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். அத்தை கடகடவென்று இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து தானும் மனசுக்குள் குறைத்துப் பார்த்த என் வீட்டுக்காரர் எண்பத்தாறில் நின்றுவிட்டார். "இவங்க ஞாபகத்துல பாதி எனக்குக் கொடுத்தாப் போதும்" என்றார் டாக்டர். எங்களுக்கு உயிர் வந்தது. வெளியே வந்து ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட்டோம். ஞாபகம் இவ்வளவு நன்றாக இருக்கிற மனுஷி உப்பில்லாத பாத்திரத்தில் ஏன் உப்புப் பார்க்கக் கூப்பிட்டார் என்று கேட்க, படித்தவள் படிக்காதவர் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை எனக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாத்தனாருக்கு போன் வந்தது. அவள் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ம்... இல்லை... சரி" என்று ஏதோ பேசினாள். அத்தை என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அம்மாடி, பாப்பாவை ஒரு தடவை தனியா உள்ள அனுப்பி வையேன்" என்றார்.

"உங்க பொண்ணுதானே அத்தை. நீங்களே கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"கூப்பிட்டேனே" என்றார்.

நான் அதை அப்படியே காற்றில் விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் எந்த விளக்கைப் போட்டேன், எந்தத் துணியை ஊறவைத்தேன் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த வார்த்தைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று மட்டும் ஞாபகம் இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. ஒரு காலையில் வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் கட்டிலைச் சுற்றிக் கூட்டம், குழாய், மிஷின். பேச்சும் வரவில்லை. மகள் வந்தால் மட்டும், அசைகிற ஒரு கண் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். "அம்மா என்னைத் தேடறா" என்று அவள் அழுவாள். தேடினார்தான்.

இப்போது நாத்தனார் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிற கதைக்கு வருகிறேன்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் நின்ற பிறகு ஒரு சாயங்காலம் மூன்று பேரும் சமையலறைச் சாமான்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று பிரித்துக்கொண்டிருந்தோம். பெரிய பாத்திரங்கள் யாருக்கும் வேண்டாம். ஓட்டை ஜல்லடை குப்பைக்கு. மரக்கைப்பிடி போட்ட அந்தச் சின்னக் கரண்டி வந்தது.

"இது எனக்கு" என்றாள் நாத்தனார்.

"அது எனக்கு வேணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனுஷன் எனக்குத் தெரிந்து எதையும் தனக்கு என்று கேட்டதில்லை. "உங்களுக்கு எதுக்குங்க கரண்டி? வெந்நீர்கூட வைக்கத் தெரியாது உங்களுக்கு" என்றேன்.

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூட வேலை செஞ்ச ஒருத்தன் லிஃப்ட் குழியில விழுந்தான். நான் வயர் பிடிச்சுக்கிட்டு மேல நின்னேன்" என்றார். "அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து கீழ பாக்கிறப்ப எனக்குக் கால் உதறும். இன்னைக்கும் உதறுது. அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். தினமும் கேப்பா, இன்னைக்கு உதறுச்சான்னு. உப்பு பாக்கப் போறப்ப."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியாது. கோபப்படலாமா அழலாமா என்று தெரியாமல் நின்றேன். வாயில் வந்தது வேறு. "ஏங்க, நீங்க பாத்துட்டு உப்பு கம்மின்னு சொன்னா, அத்தை என்ன செய்வாங்க?"

அவர் யோசித்தார். "ஒரு தடவை வேணும்னே சொல்லிப் பாத்தேன், ரொம்பக் கம்மி, வாயில வைக்க முடியலைன்னு. சரின்னு தலையாட்டினா. ஒண்ணும் போடலை. சாப்பிடறப்ப சரியா இருந்துச்சு."

"என்கிட்டயும் அப்படித்தான்" என்றேன்.

நாத்தனார் மேஜை நடுவில் இருந்த கண்ணாடி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாங்கி வந்த டப்பா. பிறகு அதை எடுத்துக்கொண்டு எழுந்து போய், தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டாள். உப்பு கரைந்துபோன பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான்தானே எடுத்துட்டேன்" என்றாள். "அவளுக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான் எடுத்துட்டேன்."

"நல்லதுக்குத்தானே பண்ணினே" என்றார் அவள் அண்ணன்.

"நல்லதுக்குத்தான்" என்றாள். போய் அம்மாவின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அண்ணன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். உப்பை நிறுத்தி அத்தையின் வாயை மூடிவிட்டு, இனிமேல் நினைத்து என்ன கிழிக்கப் போகிறோம் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் கம்பெனியிலிருந்து வந்தேன். அவள் போட்டது போட்டபடி அதே கட்டிலில் படுத்திருந்தாள். பெட்டி திறக்கவே இல்லை. போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது, ஒரு தடவைகூட அடிக்கவில்லை. மத்தியானத்துக்கு நான் வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடியபடியே இருந்தது. "என்னதான்டி ஆச்சு உனக்கு?" என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் என்ன சொல்வாள் என்றும் தெரியும். எல்லாம் நல்லா இருக்கு அண்ணி. லீவு நிறைய கிடக்கு அண்ணி.

சமையலறைக்குப் போனேன். பருப்பை வேகவைத்தேன். தாளித்துக் கொட்டினேன். கொதித்தது. பழக்கத்தில் உப்பு போடவில்லை. போடலாமா என்று ஜாடியை எடுத்தேன். இனிமேல் யாருக்கு என்ன கட்டுப்பாடு. மூடியைத் திறந்தவள் திரும்ப மூடி வைத்தேன். என் வீட்டுக்காரர் ஆணியில் மாட்டி வைத்திருந்த அந்தச் சின்னக் கரண்டியை எடுத்தேன். விசிறியைப் போட்டேன்.

என் குரல் பெரிய குரல் என்று சொன்னேனே. கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கும். அன்றைக்கு முதல் தடவை விசிறிச் சத்தத்தையே தாண்டவில்லை. இரண்டாவது முயற்சியில்தான் வந்தது.

"பாப்பா. இங்க கொஞ்சம் வாயேன். உப்பு சரியா இருக்கான்னு பாரு."

அவளை நான் அதுவரைக்கும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. கட்டில் கிரீச்சிட்டது. வந்து வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். மூடியிருந்த உப்பு ஜாடியையும் பார்த்தாள். ஊசி குத்தப் போகிறது என்று காத்திருந்தேன். குத்தவில்லை. உள்ளே வந்து கையை நீட்டினாள்.

மொண்டு, ஊதி, ஊற்றினேன். ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். எனக்கு முதுகு காட்டிப் பழக்கமில்லை. எதிரில் நின்று சண்டை போட்டுத்தான் பழக்கம். எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளங்கையை வாயில் வைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரியா இருக்கு அண்ணி" என்றாள்.

கிண்டினேன். அவள் போகவில்லை.

"அவர் வேற வீடு பாத்துக்கிட்டுப் போய் ஒரு வருஷமாகுது" என்றாள். "வேற ஒருத்தி இருக்கா. நான் யார்கிட்டயும் சொல்லலை. தானா சரியாயிடும்னு நினைச்சேன். நான் இருக்கிற வீட்டுச் சாவியைக்கூட இப்பத் திருப்பிக் கேட்டுட்டாரு."

நான் அடுப்பைச் சின்னதாக்கினேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா அண்ணி?"

ஆட்டோவில் என் காதுக்குப் பக்கத்தில் வந்த அந்த மூச்சு ஞாபகம் வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். தெரியாதும்மா, நிம்மதியாப் போனாங்க என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

"தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

ஸ்டூல் அதே மூலையில்தான் கிடந்தது. காலால் இழுத்து, திரும்பாமலே அவள் பக்கம் தள்ளினேன்.

"கேட்டாங்களே பாப்பா" என்றேன். "உப்பு பாருன்னு."